டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரும் போன் நம்பர்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் காலை எட்டரைக்கு ஏறி இரவு எட்டரைக்கு இறங்குவதை ஒன்றரை ஷிப்ட் என்பார்கள். டாக்ரோலிமஸ் என்ற மருந்துக்கும் அதே பன்னிரண்டு மணி நேரக் கணக்குதான். காலை எட்டு, இரவு எட்டு. ஈரலோ சிறுநீரகமோ மாற்றி வைத்துக்கொண்டு வீடு திரும்பிய குழந்தைக்கு இந்த மருந்தைத் தினமும் யார் கொடுப்பது? அப்பா, அம்மா இருவரும் கம்பெனிக்குப் போகிற வீட்டில் காலை வேளைக்கு அம்மா, ராத்திரி வேளைக்கு அம்மாவைப் பெற்ற அம்மிச்சி. அம்மிச்சிக்குக் கண் மங்கல். 0.5 மில்லிகிராம் கேப்சூலும் 1 மில்லிகிராம் கேப்சூலும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் கிடக்கும். என் வேலை அந்த டப்பாவில்தான் தொடங்குகிறது.

நான் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் செவிலியர். உறுப்பு மாற்றுச் சிகிச்சை முடிந்து போகிற பிள்ளைகளின் டிஸ்சார்ஜ் சீட்டில், கடைசி வரிக்குக் கீழே பேனாவால் ஒரு போன் நம்பர் எழுதித் தருவோம். அது என் சொந்த நம்பர். ரீசார்ஜும் என் கைக்காசு. அந்த நம்பருக்கு வருகிற அழைப்புகளும் வாட்ஸ்அப் படங்களும் டூட்டி நேரக் கணக்கில் சேராது. இதைப் புகாராகச் சொல்லவில்லை. ஊர் ஊருக்கு என்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால், ஒரு குழந்தையின் உயிர் தொங்குகிற வேலையை யாரோ ஒருவரின் நல்ல மனசை நம்பி எத்தனை நாளைக்கு விட்டு வைப்பது? அந்த நம்பருக்குப் பின்னால் சம்பளமும் அதிகாரமும் உள்ள ஒரு பதவி வேண்டும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உறுப்பு மாற்றில் தமிழ்நாடு பெருமைப்பட நிறைய இருக்கிறது. 1998 நவம்பரில் டெல்லி அப்போலோவில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தை ஈரல் மாற்று நடந்தது. அந்தக் குழந்தை நம் காஞ்சிபுரத்துக் குழந்தை, இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தந்தையின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். சஞ்சய் கந்தசாமி என்ற அந்தக் குழந்தை பின்னாளில் டாக்டரானார். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி, மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அந்த இதயம் சென்னையின் நெரிசலைத் தாண்டிப் பதினொரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்து ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான் வந்தது. 2023 செப்டம்பரில், உறுப்பு தந்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்று முதல்வர் அறிவித்தார்.

இவை எல்லாம் கொடுக்கும் நாளையும் பொருத்தும் நாளையும் பற்றியவை. பூங்கொத்தோடு குழந்தையை நிறுத்திப் பத்திரிகைக்குப் படம் எடுத்த மறுநாள் காலை எட்டு மணியில் இருந்து எங்கள் கணக்கு தொடங்குகிறது. அதற்குப் பிறகு முடிவு கிடையாது. முதல் சில மாதங்கள் வாரத்துக்கு ஒன்றிரண்டு ரத்தப் பரிசோதனை, பிறகு மாதத்துக்கு ஒன்று. மருந்து மட்டும் வருடக்கணக்கில், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆயுள் முழுக்க. புதிய உறுப்பை உடம்பு அந்நியன் என்று தாக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிற மருந்து இது. ரத்தத்தில் கொஞ்சம் குறைந்தால் உறுப்பு நிராகரிப்பு. கொஞ்சம் கூடினால் சிறுநீரகத்துக்குக் கேடு, தொற்று, கைநடுக்கம். நடுவில் இருக்கிற பாதை ஒற்றையடிப் பாதை.

கொங்கு நாட்டில் ஈரல் மாற்றிய பிள்ளைகளில் பலருக்கு அறுவை நடந்தது சென்னையில். கோவையிலிருந்து 500 கிலோமீட்டர். சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் ரத்தம் கொடுத்து, மதியம் டாக்டரை ஐந்து நிமிடம் பார்த்து, மறுபடி ராத்திரி வண்டி. போக வர ஆயிரம் கிலோமீட்டர், இரண்டு நாள் கூலி போச்சு. எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தை, இருமுகிற கூட்டத்துக்கு நடுவே ஒரு பெட்டியில். இந்தப் பயணங்களில் பாதியையாவது போனிலும் வீடியோவிலும் செய்துவிடலாம் என்று சொன்னால், பெற்றோர் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கொரோனா வந்தபோது வேறு வழியில்லாமல் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். 2020 ஏப்ரலில் இ-சஞ்சீவனி என்ற ஆன்லைன் வெளிநோயாளர் சேவை தொடங்கிய முதல் மாதங்களில், அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. வீட்டில் இருந்தே டாக்டரிடம் பேச நம் ஜனங்களுக்குக் கூச்சம் இல்லை.

சரி, போனில் அப்படி என்ன செய்கிறோம்? கேள்வி கேட்கிறோம். சரியான கேள்வியை, சரியான ஆளிடம், சரியான நேரத்தில்.

ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனையைக் காலை மருந்து கொடுக்கும் முன்பே எடுக்க வேண்டும். கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ ஒரு தாய் எட்டு மணிக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்கு லேபுக்குக் கூட்டிப் போனால் அளவு எகிறிக் காட்டும். ரிப்போர்ட்டை மட்டும் பார்க்கிறவர் மருந்தைக் குறைத்துவிடுவார். பிள்ளை நிராகரிப்பில் போய் விழும். அதனால் ரிப்போர்ட் வந்ததும் என் முதல் கேள்வி, "மருந்து குடுத்துட்டு ரத்தம் குடுத்தீங்களா, குடுக்கறதுக்கு முன்னாலயே குடுத்தீங்களா?" இந்த ஒரு கேள்விக்குப் படிப்பைத் தாண்டி வேறொன்று வேண்டும்: தாய் பயப்படாமல் உண்மையைச் சொல்கிற மாதிரி கேட்கத் தெரிய வேண்டும்.

அடுத்தது மருந்துக்கடை. "அந்தக் கம்பெனி சரக்கு வல்லீங்க, இதும் அதே மருந்துதான்" என்று வேறு பிராண்டைக் கொடுத்து அனுப்புவார்கள். தலைவலி மாத்திரைக்கு அது பரவாயில்லை. டாக்ரோலிமஸில் பிராண்ட் மாறினால் ரத்த அளவை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு வேளை போடும் வகையும் இரண்டு வேளை போடும் வகையும் இருக்கிறது, அது மாறிப்போனால் இன்னும் மோசம். அதனால் மாதம் ஒரு முறை அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்வேன். சளிக்கு எரித்ரோமைசின் கொடுத்தால் டாக்ரோலிமஸ் அளவு ஏறும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் அதை இறக்கிவிடும். காய்ச்சலுக்கு ஐபுபுரூஃபன் சிறுநீரகத்தைப் படுத்தும். தெருமுனை டாக்டரிடம் போகும்போதே எனக்கு வீடியோ கால் போட்டு, போனை அவர் கையில் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலான டாக்டர்கள் நல்லபடியாகவே பேசுகிறார்கள். ஒரு சிலருக்கு, நர்ஸ் என்ன எனக்குச் சொல்வது என்று முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

வயிற்றுப்போக்கு இன்னொரு கண்ணி. "எல்லாம் வெளிய போயிருச்சுங் சிஸ்டர், இன்னொரு மாத்தர குடுத்தரட்டுங்களா?" என்பார்கள். நியாயமான சந்தேகம். ஆனால் நடப்பது நேர் எதிர். வயிற்றுப்போக்கின்போது இந்த மருந்து ரத்தத்தில் கூடத்தான் செய்யும். கூடுதலாக ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பம்பளிமாஸ் பழம் கூடாது, பச்சைப்பால் கூடாது, ராத்திரி நீர் ஊற்றி வைத்த பழைய சோறு கூடாது. சூடாக அரிசிம்பருப்பு செய்து போடுங்கள் என்பேன். கீழாநெல்லியை யாராவது அரைத்துக் கொண்டுவந்தால் வாங்கி வையுங்கள், சண்டை வேண்டாம், கொடுக்க மட்டும் செய்யாதீர்கள் என்பேன். ஒரு பெரியப்பாவின் மனசை நோகடித்தால் அடுத்த முறை அவர் எனக்குத் தெரியாமல் கொடுப்பார்.

அம்மைதான் எனக்குப் பெரிய பயம். நம் ஊரில் சின்னம்மையை யாரும் வியாதி என்று சொல்ல மாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள், முத்துப் போட்டிருக்கிறது என்பார்கள். வேப்பிலை கட்டிக் கதவைச் சாத்துவார்கள், டாக்டரிடம் போக மாட்டார்கள். மற்ற பிள்ளைகளுக்குப் பத்து நாளில் தண்ணி ஊற்றி முடிந்துபோகும். உறுப்பு மாற்றிய பிள்ளைக்கு அது நுரையீரல் வரை போகலாம். அம்மை கண்டவரோடு பழகிவிட்டது தெரிந்தால், எவ்வளவு சீக்கிரம் தடுப்பு எதிர்ப்பொருள் ஊசி போடுகிறோமோ அவ்வளவு நல்லது. பத்து நாள் தாண்டினால் போட்டும் புண்ணியமில்லை. அதனால் பங்குனி, சித்திரை மாதங்களில் மாரியம்மன் கோயில்களில் கம்பம் நட்டதும் நானே வரிசையாகப் போன் செய்து கேட்பேன்: "பக்கத்து ஊட்ல, ஸ்கூல்ல, யாருக்காச்சும் அம்மா வந்திருக்குதுங்களா?" நோய் என்று கேட்டால் இல்லை என்பார்கள். அம்மா என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

சொட்டு மருந்தும் அப்படியே. போலியோ சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, பலவீனப்படுத்திய கிருமி. இந்தப் பிள்ளைகளுக்கு அது கூடாது, அதே வீட்டில் உள்ள தம்பி தங்கைக்கும் கூடாது. அவர்களுக்கு ஊசி வடிவம் இருக்கிறது. முகாம் நாளில் வீடு தேடி வரும் அங்கன்வாடி ஊழியருக்கு இது எப்படித் தெரியும்? ஒரு பிள்ளையையும் விடாமல் கொடுப்பது அவர் கடமை. முதல் நாளே அவரிடம் பேசிவிட வேண்டும்.

கண் மஞ்சளாக இருக்கிறதா என்று படம் அனுப்புகிறார்கள். குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் எல்லோருக்கும் காமாலைதான். விடிந்ததும் வாசலில் நிறுத்தி, கீழ் இமையை இழுத்துப் பிடித்து எடுங்கள் என்று பழக்கியிருக்கிறேன். மலத்தின் நிறத்தையும் படமெடுத்து அனுப்புவார்கள். என் போனில் தங்கை மகள் சீர்ப் படங்களுக்கு இடையே அவை கிடக்கின்றன. சிரிப்புக்குச் சொல்லவில்லை. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதைப் பொது விதியாக வைக்கிறது. இங்கே ஒரு குழந்தையின் முழு மருத்துவக் கதையும் ஒரு செவிலியரின் சொந்தப் போனில் இருக்கிறது. அந்தப் போன் பேருந்தில் தொலைந்தால்? நான் லீவில் போனால்? வேலையை விட்டால்? எனக்குப் பதில் வருகிறவருக்குக் கைமாற்ற ஒரு நோட்டுகூட இல்லை.

தாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சின்னக் குழந்தைகளின் ஈரல் மாற்றில் பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கிறார்கள். நான் பார்த்தவரை அம்மாக்களே அதிகம். அவளுக்கும் வயிற்றில் நீளத் தையல். ஒன்றிரண்டு மாதம் கனம் தூக்கக் கூடாது என்று எழுதித்தான் அனுப்புகிறோம். ஆனால் வீட்டில் பத்துக் கிலோ குழந்தையை வேறு யார் தூக்குவது? குழந்தையின் மருந்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுகிறவர்களிடம், "உங்க தையல் எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டால் பதில் வராது. போனில் அழுகிறார்கள். அவர்களும் ஒரு பெரிய அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளிகள் என்பதை மருத்துவமனைகளும் மறந்துவிடுகின்றன, மாமியார்களும் மறந்துவிடுகிறார்கள்.

வளர்ந்த பிள்ளைகள் வேறு வகை. பன்னிரண்டு வயது வரை அம்மா ஊட்டிய மருந்தை, பதினைந்தில் "நானே போட்டுக்குவேன்" என்பார்கள். ஸ்டீராய்டில் முகம் உப்பி, பள்ளியில் பட்டப்பெயர் வாங்கியவனுக்கு அந்த மருந்தின் மேலேயே கோபம் இருக்கும். உலகம் முழுக்கவே இந்த வயதில்தான் பொருத்திய உறுப்பை அதிகம் இழக்கிறார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஓ.பி. அறையில் "ம்" என்ற ஒரே எழுத்தைத் தவிர எதுவும் சொல்லாதவன், ராத்திரி பத்து மணிக்கு மெசேஜில் மனம் திறப்பான். போன் வழிச் செவிலியம் நேரில் பார்ப்பதை விட நன்றாக வேலை செய்கிற இடம் இது ஒன்றுதான் என்பேன். 2009இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையினர் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஈரல் மாற்றிய 41 பிள்ளைகளின் வீடுகளுக்கு மருந்து நேரத்தில் குறுஞ்செய்தி போனது. அதற்கு முன் 12 ஆக இருந்த நிராகரிப்புச் சம்பவங்கள் 2 ஆகக் குறைந்தன. சாதாரண எஸ்.எம்.எஸ்! ஸ்மார்ட்போன்கூட வேண்டியிருக்கவில்லை.

"போனில் வைத்தியம் பார்ப்பது ஆபத்து" என்று மூத்த டாக்டர்கள் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் சொல்லக் கூடாதவை நிறைய. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நான் கேள்வியே கேட்பதில்லை, கிளம்புங்கள் என்பதுதான் பதில். ஆனால் எங்கே கிளம்புவது? ராத்திரியில் அந்தியூரிலிருந்து சென்னைக்கா? பக்கத்து அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அங்கே டூட்டியில் இருக்கிற இளம் டாக்டருக்கு இந்தப் பிள்ளையின் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்ல ஒருவர் வேண்டும். போனின் மறுமுனையில் டாக்டருக்கு டாக்டரைக் கோத்துவிடுகிற அந்த ஆள் செவிலியர்தான். பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்கள் இந்த வேலையைச் செய்யாது. அவை ஆறுதலுக்கு நல்லவை, "அந்தப் பையனுக்கு ஒண்ணுதான், நமக்கு ஏன் ஒண்ணரை?" என்று அளவை ஒப்பிடத் தொடங்கினால் விஷம்.

சட்டம் எங்களை எப்படிப் பார்க்கிறது? 2020 மார்ச் 25இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டியில் செவிலியர் என்பவர் நோயாளிக்கும் டாக்டருக்கும் இடையே உதவும் சுகாதாரப் பணியாளர். அதுவரை சரி. மருந்தை மாற்றும் அதிகாரம் எனக்கு வேண்டவும் வேண்டாம். ஆனால் தொடர்ந்து விசாரிப்பது, பதிவு செய்வது, எச்சரிப்பது, அனுப்பி வைப்பது ஆகியவற்றைச் செவிலியரின் சொந்த வேலையாக எங்கும் எழுதி வைக்கவில்லை. அறுவைக்கு முன்பு நிலைமை வேறு. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தை 2011இல் திருத்தியபோது, உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரை நியமிக்காத மருத்துவமனைக்குப் பதிவு கிடையாது என்று சேர்த்தார்கள். அந்த ஒரு வரியால் மருத்துவமனைகள் எல்லாம் ஆள் போட்டன. அதே மாதிரி, குழந்தைகளுக்கு உறுப்பு மாற்றுகிற மருத்துவமனை தொடர் கவனிப்புச் செவிலியரையும் நியமிக்க வேண்டும் என்று விதியில் இன்னொரு வரி சேர்ப்பதில் என்ன கஷ்டம்?

பணமும் பெரிதல்ல. முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் தருகிறது. உறுப்பு மாற்று போன்ற பெரிய செலவுக்குத் தனித் தொகுப்பு நிதி உண்டு. அத்தனை லட்சம் கொடுத்துப் பொருத்திய உறுப்பைக் காப்பாற்ற, பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு ஆண்டுத் தொகையை அதே பொதியில் சேர்க்கலாம். நான் பார்த்த பில்களில் செவிலியர் போனில் பேசிய நேரத்துக்கு ஒரு வரி இருந்ததில்லை.

வீடு தேடிப் போகவும் ஆள் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு போவது எல்லோருக்கும் தெரியும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகளையும் அதே திட்டம் வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுக்கிறது. டயாலிசிஸ் பையைச் சுமந்து போகிற கைகளால் டாக்ரோலிமஸையும் கொண்டு போக முடியும், எடை பார்க்க முடியும், காலை எட்டு மணிக்கு முன் ரத்தம் எடுத்து வர முடியும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரே ஒரு அறை, ஒரே ஒரு நம்பர், முறை வைத்து உட்காரச் சில செவிலியர்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, கரூர், நாமக்கல், சேலம் மாவட்டங்களின் பிள்ளைகள் எல்லோரும் அந்த நம்பரில். அறுவை எங்கே நடந்திருந்தாலும் சரி, அரசோ தனியாரோ, சென்னையோ கொச்சியோ. எண்ணிக்கை குறைவான கூட்டம் இது. சின்ன அறை போதும்.

இதைக் கேட்டதும் ஆப் செய்கிற கம்பெனிக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஒன்றிரண்டு பார்த்தேன். ஆங்கிலத்தில் மணி அடிக்கிறது, பச்சை பொத்தானை அழுத்தினால் மருந்து சாப்பிட்டதாகப் பதிவாகிறது. அம்மிச்சி பேரனிடம் போனைக் கொடுத்து அழுத்தச் சொல்வாள். அவன் மருந்து சாப்பிடாமலே அழுத்துவான். பதிவேடு வைக்க ஆப் உதவட்டும். ஆனால் வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும், ஏறினாலும் பல எஸ்டேட் லயன்களில் வீடியோ நகராது. அங்கே பட்டன் போனில் பேசிக் காரியத்தை முடிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். குரலை வைத்தே மூச்சு வாங்குகிறதா என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவர்.

அந்த ஒருவரை ஒப்பந்தத்தில் போட்டால் மட்டும் வேண்டவே வேண்டாம். தொகுப்பூதியத்தில் வருகிற பெண்கள் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் எந்த வீட்டில் யார் மருந்து கொடுக்கிறார்கள், எந்தத் தாய் பயத்தில் பொய் சொல்வாள், எந்தப் பையனுக்கு எந்த நேரத்தில் மெசேஜ் போட்டால் பதில் வரும் என்பதெல்லாம் அவர்களோடு சேர்ந்து போய்விடும். பணி நிரந்தரமாக வேண்டும். இரண்டு வயதில் வந்த பிள்ளை பதினெட்டில் பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் நாளில், கோப்பை எடுத்துக்கொண்டு கூடவே போய்ப் புது டாக்டருக்கு எதிரில் உட்கார வேண்டியதும் அதே செவிலியர்தான்.